ஆரஞ்சு நிற முந்நூற்றெட்டு

நூலக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் வங்கிப் புத்தகத்திலும் மட்டும் அது தலைகாட்டும். மற்றபடி தெருவுக்கும் பட்டறைக்கும் அவள் நூலக்காதான். கட்டின புருஷனே கிண்டலாக அப்படித்தான் கூப்பிடுவார். நூல் விற்பதை அவள் விட்டு ஆறு வருஷம் ஆகிறது. பெயர் அவளை விடவில்லை.

இப்போது அவளுக்கு டைல்ஸுக்கு நிறம் ஏற்றும் வேலை. பளபளவென்று இருக்கும் வெள்ளை டைல்ஸில் லேசர் மெஷின் பெயரையோ எண்ணையோ செதுக்கிக் கொடுக்கும். செதுக்கிய இடத்தில் மேல்பூச்சு போய், சொரசொரப்பான ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் மார்க்கர் பேனாவால் நிறம் ஏற்றி, சற்றுக் காயவிட்டு, வழிந்ததைத் துணியால் ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். பளபளப்பின் மேல் இருப்பது போய்விடும், பள்ளத்தில் இருப்பது நிற்கும். சொன்னால் இவ்வளவுதான். செய்து பார்த்தவர்களுக்குத்தான் கழுத்துவலி தெரியும்.

மார்க்கர் வாங்க அவள் வருவதைப் பார்த்தால் பேனாக் கடைக்காரர் முகம் கோணும். ஒரு பேனா வாங்க ஒரு மணி நேரம். எடுத்துக் காதருகே ஆட்டுவாள், மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள், பையிலிருந்து உடைந்த டைல்ஸ் துண்டை எடுத்து அதில் கோடு போடுவாள், துண்டோடு வாசல் வெளிச்சத்துக்குப் போவாள், திரும்பி வந்து அடுத்த பேனாவை எடுப்பாள். டாக்டர்கூட நோயாளியை இவ்வளவு பார்ப்பதில்லை. எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு கேள்வி.

"இது வெயில் தாங்குமா?"

"எழுதறதுக்குத்தாம்மா பேனா. துணி மாதிரி காயப் போடறதுக்கா?" என்பார் கடைக்காரர்.

அவருக்கு என்ன தெரியும்? அந்தக் கேள்வியை நூலக்கா எங்கே கற்றுக்கொண்டாள் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

இருபத்திரண்டு வருஷம் அவள் ஒரே கடையில் ஒரே மேஜைக்குப் பின்னால் நின்றாள். தையல்காரர்களுக்கு நூல், பட்டன், ஜிப் விற்கும் கடை. துணியில் ஒரு விரற்கடைத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். அவள் அதை வாங்கி வாசலுக்குப் போய், வெளிச்சத்தில் ஒரு தரம் பார்ப்பாள். உள்ளே நானூற்றுச் சொச்சம் நூல்கண்டுகள். நேராகப் போய் ஒன்றை எடுத்து, ஒற்றை இழையைப் பிரித்துத் துணிமேல் வைத்தால், இழையைக் காணோம் என்று தேட வேண்டியிருக்கும். அவ்வளவு பொருத்தம். இரண்டாவது கண்டை எடுக்க வேண்டிவந்த நாட்களை அவள் கைவிரலில் எண்ணிவிடலாம்.

கடையை மூடிவிட்டார்கள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தாறு. கண் பார்த்தால் கை செய்யும் என்பார்கள், ஆனால் அந்தக் கண்ணையும் கையையும் யார் கூப்பிட்டு வேலை தருவார்கள்? இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தாள். இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும், வீட்டில் ஒன்று கெட்டுப்போய்க் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கடை மூடுகிற கடைசி நாளில் ஒருவர் சட்டையில் அறுந்துபோன பட்டனுக்கு ஜோடி தேடி வந்திருந்தார். முன்பு ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்த்தவர், இப்போது லேசர் மெஷின் ஒன்று வாங்கிப் பட்டறை வைத்திருக்கிறவர். ஊர் அவரை ஜெராக்ஸ்காரர் என்றே அழைத்தது. நூலக்கா அவர் சட்டையை ஒரு பார்வை பார்த்து, டப்பாவுக்குள் கையைவிட்டு ஒரு பட்டனை எடுத்து நீட்டினாள். அவர் அதைச் சட்டையில் வைத்துப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இந்தக் கண்ணு சும்மா இருக்கக் கூடாதுக்கா. நாளைக்கு எங்க பட்டறைக்கு வாங்க."

அந்த ஒரு வார்த்தைக்காக அவரை இன்றைக்கும் அவள் மனதில் கையெடுத்துக் கும்பிடுகிறாள். அவரிடம் நேரில் சொன்னதில்லை. சொன்னால் அவர் கூச்சப்பட்டு மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்.

பட்டறையில் அவளுக்குக் கொடுத்த முதல் வேலையே மார்க்கர் தேர்ந்தெடுப்பதுதான். ஜெராக்ஸ்காரர் பிரஷ்ஷும் பெயின்ட்டும் போதும் என்றார். அவள் கேட்கவில்லை. பிரஷ்ஷால் அடித்தால் பெயின்ட் பள்ளத்தை நிரப்பி மேடாக்கிவிடும், எழுத்தின் ஓரம் கொழகொழவென்று ஆகிவிடும், பேனா என்றால் மெல்லிசாகப் பூசும், செதுக்கினது செதுக்கினபடி இருக்கும் என்றாள். அதில் அவள் சொன்னது சரி. அடுத்ததில்தான் சறுக்கினாள்.

கடையில் மூன்று வகைப் பேனா இருந்தது. தண்ணீர் பெயின்ட் பேனா, நகத்தால் சுரண்டினால் உரிந்தது. ஆயில் பெயின்ட் பேனா, நாற்றம் குடலைப் புரட்டியது, காய அரை நாள் எடுத்தது, நிறமும் மொத்தம் பன்னிரண்டுதான். மூன்றாவது ஸ்பிரிட் மார்க்கர். எடுத்தவுடன் காயும், ஸ்பிரிட் தொட்ட துணியில் சுத்தமாகத் துடைபடும், அதோடு அறுபது நிறம். அறுபதும் பெட்டிக்குள் வரிசையாக நின்றதைப் பார்த்ததும் நூலக்காவுக்குப் பழைய கடைக்கே திரும்பிவிட்டது போல இருந்தது. இளஞ்சிவப்பிலேயே ஏழு தினுசு. வேறு பேச்சே இல்லை, அதைத்தான் வாங்கினாள்.

நூல் விற்றவள் செய்கிற தப்பு அது. வேறு யாரும் செய்ய மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் நிறம் பொருந்துகிறதா என்பதைத்தான். சாயம் நிற்குமா நிற்காதா என்பது மில்காரன் தலைவலி, அவளுடையது அல்ல. வெயிலில் நிறம் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். வெயில் நிறத்தைத் தின்னும் என்பது ஒருநாளும் அவள் மேஜைவரை வந்ததில்லை.

அடுத்த மாதமே பெரிய வேலை ஒன்று வந்தது. கொண்டுவந்தது அவள் புருஷன். அவர் லிப்ட் பழுதுபார்க்கிறவர். அவர் பார்த்துக்கொள்ளும் கட்டடம் ஒன்றில் நான்கு மாடி, நாற்பத்தெட்டு வீடு. எல்லாக் கதவும் ஒரே பழுப்பு, எல்லாம் ஒரே அளவு. கதவுக்குப் பக்கத்தில் பெரிதாக வீட்டு எண் செதுக்கிய டைல்ஸ் வேண்டும், அவரவர் இஷ்டப்பட்ட நிறத்தில் வேண்டும் என்று கட்டடத்துச் சங்கத்தில் முடிவாகியிருந்தது.

நூலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அறுபது மார்க்கரையும் டைல்ஸ் துண்டுகளில் கோடுபோட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் திரைச்சீலைக்குப் பொருத்தம், இன்னொரு வீட்டில் ஸ்கூட்டருக்குப் பொருத்தம். ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பச்சையா நீலமா என்று அவள் எதிரிலேயே கட்டிப் புரளாத குறை. அவள் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தைக் காட்டிச் சமாதானம் செய்துவிட்டு வந்தாள்.

மூன்றாவது மாடியில் எட்டாவது வீடு, முந்நூற்றெட்டு. ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் தனியாக இருந்தார். அறுபத்தெட்டு வயது, குரலில் மட்டும் இன்னும் வகுப்பறை. அவர் கோடுகளைத் தூரத்தில் பிடிக்கச் சொன்னார்.

"இன்னும் தள்ளிப் பிடி. லிப்ட்டுகிட்டப் போய் நில்லு."

நூலக்கா போய் நின்றாள். அறுபது கோட்டில் டீச்சரம்மா கண்ணுக்கு எட்டியது ஒன்றே ஒன்று. பளிச்சென்ற ஆரஞ்சு.

"அதுதான் வேணும். எனக்குக் கண்ணு கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டிருக்கு. டாக்டர் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்னு சொல்றாரு. இங்க எல்லாக் கதவும் ஒரே மாதிரி. தினம் யாரையாவது கூப்பிட்டு, இது என் வீடாப்பான்னு கேக்க வேண்டியிருக்கு. மானம் போகுது. ஆரஞ்சு இருந்தா யாரையும் கேக்க வேண்டாம்."

அந்த முந்நூற்றெட்டை நூலக்கா தனியாக உட்கார்ந்து செய்தாள். மூன்று தரம் பூசி மூன்று தரம் துடைத்தாள். மாட்டிய அன்று டீச்சரம்மா லிப்ட்டிலிருந்து இறங்கி, யாரையும் கேட்காமல், நேராக நடந்துபோய்ச் சாவியை நுழைத்தார். நூலக்கா லிப்ட் ஓரத்தில் நின்று அதைப் பார்த்தாள். இவ்வளவு வருஷமாக எத்தனை நிறத்துக்குப் பொருத்தம் பார்த்திருக்கிறோம், ஒருத்தருக்கு வீட்டைக் காட்டிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்வரை அவள் முகத்தில் சிரிப்பு நின்றது.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே புருஷன் சொன்னார்.

"அந்த மூணாவது மாடி டீச்சரம்மா இப்பல்லாம் கீழ வர்றதே இல்லயாம். கண்ணு சுத்தமாப் போயிடுச்சாம். பாவம்."

நூலக்காவுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. டாக்டர் இரண்டு வருஷம் என்றாரே?

மறுநாள் போனாள். லிப்ட் கதவு திறந்ததும் மேற்கு வெயில் முகத்தில் அடித்தது. அந்த நடைபாதைக்கு ஒருபக்கம் சுவர் கிடையாது, மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை வெயில் எல்லாக் கதவின்மேலும் விழும். நிறம் கேட்டு ஏறி இறங்கியதெல்லாம் காலை நேரத்தில், அப்போது அங்கே நிழல். அவள் நடந்தாள். முந்நூற்றிரண்டின் சிவப்பு, துவைத்துத் துவைத்து வெளிறிய துணி போல இருந்தது. முந்நூற்றைந்தின் மஞ்சளைக் காணவே காணோம். நீலமும் கறுப்பும் மட்டும் ஒன்றும் தெரியாதது போல நின்றன. முந்நூற்றெட்டுக்கு வந்தாள். வெள்ளை டைல்ஸில் வெள்ளை எண். அவளுக்கே உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

நாற்பத்தெட்டு வீட்டில் ஒருவர்கூட ஏன் புகார் சொல்லவில்லை? தன் வீட்டு எண்ணைத் தினமும் யார் பார்க்கிறார்கள்? கால் தானாக வீட்டுக்குப் போய்விடும். அந்த எண்ணைப் பார்த்து வீடு வந்துசேர வேண்டியவர் கட்டடத்திலேயே ஒரே ஒருத்தர்தான்.

பையில் ஆரஞ்சு மார்க்கர் இருந்தது. ஐந்து நிமிஷத்தில் பூசிவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. கை பைக்குள் போகவும் போனது. அதற்குள் கதவு திறந்தது.

"யாரு நிக்கறது?"

"நான்தாம்மா. டைல்ஸ்காரி."

"வா வா. நல்ல சமயத்துல வந்த. ஞாயித்துக்கிழம பையன் வந்து என்னக் கூட்டிட்டுப் போறான். வீட்டக் காலி பண்றேன்."

உள்ளே பாதி சாமான் பெட்டிக்குள் இருந்தது. டீச்சரம்மா நடந்ததைச் சொன்னார். போன மாதம் நடந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். ஆரஞ்சைத் தேடினால் ஆரஞ்சு இல்லை. கதவுகளை எண்ணிக்கொண்டு போனதில் எண்ணிக்கை தவறி, முந்நூற்றாறின் பூட்டில் பத்து நிமிஷம் சாவியைப் போட்டுக் குடைந்திருக்கிறார். உள்ளே இருந்தவர் திருடன் என்று நினைத்துக் கட்டையோடு கதவைத் திறந்திருக்கிறார்.

"அவரு நல்ல மனுஷன், கையப் புடிச்சுக் கொண்டுவந்து விட்டாரு. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசிப்போச்சு. கடைசியா மிச்சமிருந்தது அந்த ஆரஞ்சு. அதுவும் போயிடுச்சுன்னா அப்புறம் என்ன இருக்கு? டாக்டர் தேதிய மாத்திச் சொல்லிட்டாரு போல."

நூலக்கா நின்றுகொண்டே இருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் நினைத்தவள்தான். ஆனால் பூசணிக்காய் இந்த அம்மாவின் தலையில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது.

"கண்ணு இல்லம்மா," என்றாள். "உங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆகல. என் மார்க்கர். வெயில்ல வெளுத்துப்போச்சு. எனக்கே இப்ப எண் தெரியல."

டீச்சரம்மா சிரித்தார். "சமாதானம் சொல்ல வந்தியா? பக்கத்து வீட்டுல எல்லாரும் இதத்தான் சொல்றாங்க, உங்களுக்கு நல்லாத்தான் தெரியுது டீச்சர்னு."

"சத்தியமாம்மா. வெளிய வாங்க, காட்டறேன்."

எதைக் காட்டுவது? வெள்ளையில் வெள்ளையைக் காட்டினால் நம்புவாரா? அப்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது. கொசுமருந்து அடிக்க வந்தவர்கள் தேதி எழுதி ஒரு ஸ்டிக்கரை, வேறு இடம் கிடைக்காதது போல, டைல்ஸின் கீழ் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எட்டின் கீழ்ச் சுழியில் பாதி அதற்குள் இருந்தது. ஒட்டினது நான்கு மாதத்துக்கு முன்னால், டைல்ஸ் மாட்டின வாரத்தில். அன்றைக்கு அவர்களைத் திட்டித் தீர்த்தவள், இன்றைக்கு அவர்கள் குலமே விளங்க வேண்டும் என்று வாழ்த்திக்கொண்டே, நாக்கில் விரலை நனைத்து ஸ்டிக்கரின் மூலையைச் சுரண்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள்.

"இப்பப் பாருங்கம்மா."

டீச்சரம்மா மூக்கு டைல்ஸில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு ஓரடி பின்னால் வந்தார். இன்னும் ஓரடி.

"கீழ, ஓரத்துல," என்றார் மெதுவாக. "ஆரஞ்சா அது?"

"ஆரஞ்சுதாம்மா."

டீச்சரம்மா வாசலில் கிடந்த செருப்புப் பெட்டியின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அடிப்பாவி. ஒரு மாசமா உன் தப்ப என் தலையில போட்டுக்கிட்டு அழுதிட்டிருந்தேனே."

திட்டு வாங்கத் தயாராக நின்ற நூலக்காவின் இரண்டு கையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிடிம்மா, ரொம்ப நன்றி," என்றார். தப்புச் செய்ததற்காக யாராவது நன்றி சொல்லி நூலக்கா கேட்டதில்லை. அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"சரி, எழுந்திரு," என்றார் டீச்சரம்மா கடைசியில். "ஒத்துக்கிட்டதுக்கு முழு மார்க். பேனா வாங்கினதுக்கு முட்டை. இனி எத வாங்கப் போற?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. அதற்கு முன்னால் இன்னொரு இடத்தில் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பட்டறைக்குப் போய் ஜெராக்ஸ்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான் வேலைய விட்டு நின்னுக்கறேன் சார்," என்றாள். வேறு வேலை கிடைக்காது என்று தெரிந்துதான் சொன்னாள்.

அவர் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நிக்கறதுன்னா நில்லுங்க. ஆனா அந்த நாப்பத்தெட்டையும் சரி பண்ணிட்டு நில்லுங்கக்கா."

அன்று சாயங்காலமே அவர் தன் கையால் ஒரு காகிதம் எழுதி, கட்டடத்து லிப்ட்டுக்குள் ஒட்டினார். நிறம் வெளுத்தது எங்கள் தப்பு, எல்லா வீட்டுக்கும் மறுபடி செய்து தருகிறோம் என்று இருந்தது. அவள் தப்பு என்று எழுதாமல் எங்கள் தப்பு என்று அவர் எழுதியிருந்ததை நூலக்கா இரண்டு தரம் படித்தாள்.

புருஷன் மட்டும் விட்டுவைப்பாரா? "இருபத்திரண்டு வருஷமாக் கலர்ல என்ன மிஞ்ச ஆளில்லன்னு சொன்ன. கடைசியில உன் சாயம் வெளுத்துப்போச்சே," என்றார். சொல்லிவிட்டு, மொட்டைமாடி மேற்குச் சுவரில் அவளுக்காகப் பலகை அடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

அந்தப் பலகையில் பதினான்கு டைல்ஸ். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பெனி மார்க்கர், ஒவ்வொன்றிலும் எல்லா நிறமும் பட்டை பட்டையாக. ஒவ்வொரு பட்டையிலும் பாதியை அலுமினியத் தாளால் மூடி ஒட்டினாள். வெயிலில் கிடக்கும் பாதியை மூடின பாதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு வெளுத்தது என்று தெரிந்துவிடும். ஸ்டிக்கர் கற்றுக்கொடுத்த பாடம் அது. மூன்று மாதம் கோடை வெயில். தினமும் காலையில் காப்பி டம்ளரோடு மாடியேறிப் பார்ப்பாள். முதலில் ரோஸ் செத்தது. பிறகு சிவப்பு, பிறகு ஆரஞ்சும் மஞ்சளும். ஆறாவது வாரத்தில் அறுபது நிற ஸ்பிரிட் மார்க்கரில் பாதிக்கு மேல் ஆவியாகியிருந்தது. தண்ணீர்ப் பேனா மழைத் தூறல் ஒன்றிலேயே தோலுரிந்தது. கடைசிவரை முகம் மாறாமல் நின்றது, குடலைப் புரட்டுகிற நாற்றமடித்த அந்த ஆயில் பெயின்ட் பேனாதான்.

அந்த மூன்று மாதமும் டீச்சரம்மா ஊருக்குப் போகவில்லை. பையன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். பத்து நாளைக்கு ஒருதரம் நூலக்கா போய் முந்நூற்றெட்டை மட்டும் பழைய மார்க்கராலேயே பூசிவிட்டு வந்தாள். பூசிக் காய்வதற்குள் இரண்டு பேரும் ஒரு டம்ளர் காப்பியும் கட்டடத்து வம்பு பூராவையும் முடித்துவிடுவார்கள்.

பிறகு நாற்பத்தெட்டும் மறுபடி. பன்னிரண்டே நிறம். ஸ்கூட்டர்காரர் முனகினார். பச்சையா நீலமா என்று சண்டை போட்டவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஆயில் பேனா அரை நாள் காய வேண்டும், பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் தொட்ட துணியைப் பிழிந்துதான் துடைக்க வேண்டும், கொஞ்சம் ஈரம் கூடினால் பள்ளத்தில் இருப்பதும் துணியோடு வந்துவிடும். ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஐந்து வாரம் செய்தாள். முதலில் செய்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

நாற்பத்தெட்டாவதை முடித்த அன்று அவள் ஜெராக்ஸ்காரர் முன்னால் போய் நின்றாள்.

"முடிஞ்சுது சார்."

"சரி. இப்பத்தான் ஒரு ஸ்கூல்ல இருந்து இருபது வந்திருக்கு. அத முடிச்சிட்டு நில்லுங்க."

அந்த இருபது முடிந்தபோது வேறொன்று வந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

டீச்சரம்மா ஒவ்வொரு மாதமும் முதல் தேதி போன் செய்வார். பேச்சு நீளாது. "ஆரஞ்சு இருக்கு," என்பார். "சரிம்மா," என்பாள் இவள். ஒரு வருஷம், இரண்டு வருஷம். டாக்டர் சொன்ன இரண்டு வருஷம் கழிந்தும் போன் வந்தது. மூன்று. தினமும் காலையில் டீச்சரம்மா தனியாக இறங்கி, ஒரு சுற்று நடந்துவிட்டு, தனியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். முந்நூற்றாறுக்காரர் எதிரில் பார்த்தால், "இன்னிக்கு எங்க வீட்டுக்கு வரலயா டீச்சர்?" என்பாராம்.

நான்கு வருஷம் முடிந்த மாதம், முதல் தேதி போன் வந்தது.

"நூலு, நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ. ஆரஞ்சு தெரியல."

"வெயில்ல வெளுத்திருக்கும்மா," என்று சட்டென்று சொன்னாள் நூலக்கா.

"இருக்கும். நீ வந்து பாத்துச் சொல்லு."

மறுநாள் ஆரஞ்சுப் பேனா, தின்னர், துணி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒரே வேண்டுதல்: வெளுத்திருக்க வேண்டும், அடியோடு வெளுத்துப்போயிருக்க வேண்டும். தான் செய்த வேலை கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று ஒரு தொழிலாளி வேண்டிக்கொண்டு போன கதை வேறெங்காவது உண்டா, தெரியவில்லை.

லிப்ட் கதவு திறந்தது. மேற்கு வெயில். அங்கிருந்தே தெரிந்தது. மூன்று, சைபர், எட்டு. பூசின அன்றைக்கு இருந்த அதே ஆரஞ்சு, கண்ணைப் பறித்தது. வாழ்க்கையில் அவள் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை அதுதான். அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

டீச்சரம்மா வாசலில், அந்தச் செருப்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா? என்ன, பேச்சையே காணோம்?"

பொய் நாக்கின் நுனியில் நின்றது. ஆமாம்மா வெளுத்துப்போச்சு, இதோ பூசிடறேன். பேனாவை எடுத்துப் பூசுவது போலப் பூசிவிட்டு வந்துவிடலாம். இந்த அம்மா இன்னும் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்குவார். தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்வது நூலக்காவுக்கு இந்தத் தடவை கஷ்டமே இல்லை.

"பையனக் கேட்டா வெளுத்துடுச்சும்மான்னு சொல்லுவான்," என்றார் டீச்சரம்மா. "பக்கத்து வீட்டுல கேட்டாலும் அதான் சொல்லுவாங்க. பாவம், நல்லவங்க. அதான் உன்ன வரச் சொன்னேன்."

நூலக்கா அவர் அருகில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"வெளுக்கலம்மா. அப்படியே இருக்கு."

கீழே எங்கோ ஒரு ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று.

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

"ரெண்டு வருஷம்னாரு டாக்டர். நாலு வருஷம் பாத்துட்டேன். அன்னிக்கு நீ ஒத்துக்கலன்னா, கண்ணு இருக்கறப்பவே குருடின்னு நெனச்சுக்கிட்டு பையன் வீட்டுல ஒரு மூலையில உக்காந்திருப்பேன்." அவர் கையை நீட்டி நூலக்காவின் தலையைத் தேடிப் பிடித்து, அதன்மேல் கையை வைத்தார். "இன்னிக்கும் முழு மார்க்."

நூலக்கா அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையை விடாமல், எழுந்து, டீச்சரம்மாவையும் எழுப்பினாள். அவர் சுட்டுவிரலைப் பிடித்து டைல்ஸின்மேல் வைத்தாள். வழுவழுப்பில் நகர்ந்த விரல் பள்ளத்தின் ஓரத்தில் இறங்கி நின்றது.

"என்ன இது?"

"லேசர் வெட்டின பள்ளம்மா. பேனாவால பூசினதால நெரம்பல. அப்படியே கிடக்கு. மெல்லப் போங்க."

விரல் போயிற்று. மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. "மூணு," என்றார் டீச்சரம்மா. அடுத்தது ஒரு முழுச் சுற்று. "சைபர்." அடுத்ததில் விரல் சுற்றிக்கொண்டு இறங்கி, கீழே ஒரு சுற்றுச் சுற்றி, ஏறி, புறப்பட்ட இடத்துக்கே வந்தது. இரண்டாவது தரமும் சுற்றினார்.

"என்னக் கொண்டுபோய் லிப்ட்டுகிட்ட விடு," என்றார். "நான் வர்றேன். நீ வாயத் திறக்கக் கூடாது."

கொண்டுபோய் விட்டாள். டீச்சரம்மா இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு கதவுக்கும் நின்று டைல்ஸைத் தேடி விரலால் படித்தார். முந்நூற்றொன்று. முந்நூற்றிரண்டு. ஒவ்வொன்றும் நூலக்கா இரண்டு தரம் செய்தது. முந்நூற்றாறில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார், தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தார். பின்னால் நடந்த நூலக்கா வாயைத் துணியால் பொத்திக்கொண்டிருந்தாள். முந்நூற்றேழு. அடுத்த டைல்ஸில் விரல் இரண்டு சுழியையும் சுற்றி முடித்தது.

டீச்சரம்மா சாவியை எடுத்து நுழைத்தார். கதவு திறந்தது.

"உள்ள வா," என்றார் திரும்பிப் பார்க்காமல். "காப்பி போடறேன். அடுப்பு எங்க இருக்குன்னு எனக்கு யாரும் கலர் அடிச்சுக் காட்ட வேண்டாம்."